குதிரை லாயத்துப் புதர்

காது இருப்பவர்கள் எல்லாம் கொஞ்சம் இப்படித் திரும்புங்கள். கடலோர நாடு ஒன்றைப் பரிதிமாறன் என்ற அரசன் ஆண்ட காலம் அது. நல்ல அரசன்தான். ஆனால் 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவன் காதுக்கு ஆகாது.

அவன் தோட்டத்தில், குதிரை லாயத்தின் சுவரை ஒட்டி ஒரு புதர் முளைத்தது. நட்டவர் யாரும் இல்லை. பளபளவென்று இலை, கசக்கினால் நல்ல வாசனை.

அந்த நேரம் பார்த்து இளவரசிக்கு இருமல் வந்தது. ஏழு வயதுக் குழந்தை, இருமி இருமிச் சுருண்டுவிட்டாள். பண்டிதர்கள் மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் புதரின் இலையைப் பார்த்து, "அபூர்வ மூலிகை" என்றார். இரண்டாமவர் முகர்ந்துவிட்டு, "சளியை அறுக்கும்" என்றார். மூன்றாமவர் பார்க்கவும் இல்லை, முகரவும் இல்லை. இருவர் பேசியபின் தாம் சும்மா இருப்பதா? "மூன்று வேளைக் கஷாயம் போதும்" என்றார்.

அரசன் தோட்டக்காரி பொன்னாச்சியைக் கேட்டான்.

"எனக்குத் தெரியாதுங்க மகாராசா. இன்னும் பூக்கல, காய்க்கல. இலைய மட்டும் பாத்து நான் சொல்லமாட்டேன்."

"செடி தெரியாதவளுக்குத் தோட்டம் எதற்கு? கஷாயத்தைக் காய்ச்சி வைத்துவிட்டு ஊரைவிட்டே போ!"

பொன்னாச்சி காய்ச்சினாள். ஆனால் மூன்று கிண்ணங்களில் ஊற்றி, மூன்று பண்டிதர்கள் முன்னால் வைத்தாள். அரச குழந்தைக்கு மருந்து சொன்னவர் முதலில் தாமே குடித்துக் காட்டவேண்டும் என்பது அந்த அரண்மனையின் பழைய வழக்கம். எல்லாரும் அதை மறந்திருந்தார்கள்.

"குடிங்க சாமி."

முதலாமவருக்கு அன்று விரதம். இரண்டாமவருக்கு வயிறு சரியில்லை. மூன்றாமவர் கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோனார், குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். "எனக்குத்தான் இருமல் இல்லையே!"

அரசன் பொன்னாச்சி பக்கம் திரும்பினான். "அப்படியென்றால் என் குழந்தைக்கு என்ன கொடுப்பது?"

"தெரிஞ்சதக் கொடுப்போங்க. துளசி இருக்கு, ஆடாதோடை இருக்கு, தேன் இருக்கு."

ஐந்தே நாளில் இளவரசி தோட்டத்தில் ஓடி ஆடினாள். பொன்னாச்சியை ஊரைவிட்டுப் போகச் சொன்ன பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் புதர் பூத்தது. அந்த வாரமே குதிரை விற்கும் வணிகர் கப்பலில் வந்து இறங்கினார். பூவைக் கண்டதும் பதறிப்போனார். "ஐயோ, இதன் விதை எங்கள் வைக்கோலோடு வந்திருக்கும். இதில் ஒரு பிடி தின்ற குதிரை எழுந்ததே இல்லை!"

"நாங்கள் அன்றைக்கே சந்தேகப்பட்டோம்" என்றார்கள் பண்டிதர்கள் மூவரும் ஒரே குரலில்.

அரசன் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "பொன்னாச்சி, இதை வெட்டுவதா, எரிப்பதா? எனக்குத் தெரியவில்லை" என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை.

"எனக்கும் தெரியாதுங்க மகாராசா" என்றாள் அவள். "வாங்க, குதிரைக்காரரக் கேப்போம்."

ஆகவே கேளுங்கள்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு உள்ளவரிடமே உயிரை நம்பி ஒப்படைக்கலாம்.