வடக்கு வருஷத்து அரிசி

முன்னொரு காலத்தில் ஜப்பான் தேசத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு சக்கரவர்த்திகள் வாய்த்தார்கள். வடக்கே தலைநகரில் ஒருவர், தெற்கே மலைமேல் ஒருவர். நடக்கிற வருஷத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். திண்டாடியது ஜனங்கள்தான்.

தெற்கு அரண்மனை விகடகவி சென்னாமிக்கு இது தீராத தலைவலி. அவருடைய சக்கரவர்த்தி போரில் தோற்றாலும் சரி, காய்ச்சலில் படுத்தாலும் சரி, வருஷத்தின் பெயரை மாற்றிவிடுவார். ஒரு பெயர் வாயில் படிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

ஒருநாள் சமவெளி வழியாக மலைக்கு வந்த தோமே என்ற உப்புக்காரியிடம் வாயிற்காவலன் வருஷம் என்னவென்று கேட்டான். அவள் பழக்கதோஷத்தில் வடக்குப் பெயரைச் சொல்லிவிட்டாள். உடனே சிறையில் போட்டார்கள். சென்னாமி அவளுக்காகப் பரிந்து பேசினார். இதற்கென்றே காத்திருந்த அமைச்சர் மொரோதாகா, விகடகவிக்கு வடக்கின்மேல் பாசம் என்று சக்கரவர்த்தியின் காதில் ஓதினார்.

சக்கரவர்த்தி சென்னாமியை அழைத்தார். "வடக்கு வருஷத்தைச் சேர்ந்த எதுவும் இனி இந்த மலையில் இருக்கக் கூடாது. நீரே அதை நடத்திக் காட்டும். தவறினால் அந்தப் பெண்ணோடு உமக்கும் சிறை."

சென்னாமிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் வணங்கிவிட்டு நேரே வாயிற்பக்கம் போனார்.

மறுநாள் சக்கரவர்த்தி சாப்பிட உட்கார்ந்தார். ஒரு கிண்ணத்தில் உப்பு இருந்தது. மற்றவை காலி. குளிருக்குப் போர்த்தும் பட்டாடையையும் காணோம். அந்தச் சமயம் மொரோதாகா தொப்பியில்லாத தலையை இரு கையாலும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். அந்த நாட்டுப் பெரிய மனிதர்களுக்கு வெறுந்தலையோடு நிற்பது துணியில்லாமல் நிற்பதற்குச் சமம்.

சென்னாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"மகாப்பிரபு, அரிசி சமவெளியில் விளைந்தது. அங்கே நடப்பது வடக்கு வருஷம். பட்டு தலைநகரில் நெய்தது. அமைச்சரின் தொப்பியும் அங்கே தைத்ததுதான். எல்லாம் வாயிலுக்கு வெளியே பத்திரமாக இருக்கின்றன."

"இந்த உப்பு மட்டும் எப்படி வந்தது?"

"சிறையிலிருக்கும் பெண் கொண்டுவந்தது, பிரபு. கடல் எந்தச் சக்கரவர்த்தியின் வருஷத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் உள்ளே விட்டுவிட்டேன்."

சக்கரவர்த்தி உப்பைப் பார்த்தார். மொரோதாகாவின் வழுக்கையைப் பார்த்தார். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோமேயை விடுவித்து, இனி யார் எந்த வருஷத்தைச் சொன்னாலும் குற்றமில்லை என்று அறிவித்தார். அரிசியை முதலில் உள்ளே விடும்படி சென்னாமியைக் கேட்டுக்கொண்டு, அவருக்கு நல்ல குதிரை ஒன்றைப் பரிசளித்தார்.

அந்தக் குதிரை எந்த ஊரில், எந்த வருஷத்தில் பிறந்தது என்று மட்டும் சென்னாமி கேட்கவேயில்லை.