ஊசியன் சொல்லாத வளை

மூடுபனிக் காட்டில் கயலி என்றொரு நீர்நாய் இருந்தாள். அந்தக் காட்டில் பனி என்றால் அப்படி ஒரு பனி! எதிரே நிற்பது மரமா, யானையா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் யானை பெரியநாச்சியின் கன்று அந்தப் பனியில் வழி தெரியாமல் பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தது. பாவம், பெற்றவளின் பிளிறலைக் கேட்டுக் காடே அழுதது.

கயலிக்கு மனசு ஆறவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் ஆற்றை மறித்துக் கட்டிய அணையை அவள் பார்த்திருக்கிறாள். தேங்கிய தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரம் சுழன்றதும் மலையெல்லாம் விளக்கு எரிந்தது!

"நம்ம காட்டுக்கும் அப்படி ஒரு விளக்கு வேணும். பாறை உச்சியில அது எரிஞ்சா எந்தக் குட்டியும் வழி தவறாது" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. விடிந்ததும் பள்ளத்தாக்கை நிரப்பி நிற்கும் பனியைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அந்த வெண்பனி அவள் கண்ணுக்கு ஏரியாகவே தெரியும். அதில் மெல்ல அலையடிக்கும். மீன்கள் சத்தமில்லாமல் துள்ளும். நிஜ மீனைப் பிடிக்க மறந்து பட்டினி கிடப்பாள். அப்படி ஒரு பைத்தியம்!

கனவு கண்டாலும் வேலையில் கெட்டிக்காரி. பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றில் அணைக்கு இடம் பார்த்தாள். வலது கரை முழுக்கப் பாறை, கவலையில்லை. இடது கரைதான் தொல்லை. மேலே செம்மண், உள்ளே என்ன இருக்கிறதோ தெரியாது. அங்கே குடியிருந்தது ஊசியன் என்ற முள்ளம்பன்றி. கயலி அவனிடம் போனாள்.

"ஊசியன் அண்ணே, இந்தக் கரை தாங்குமா?"

"இரும்பு மாதிரி நிக்கும், தாயி! கண்ணை மூடிக்கிட்டுக் கட்டு!"

அதற்கு மேல் கயலி கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. "உன் வளை எங்கே? எத்தனை வாசல்?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. வளை இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் சிறுத்தைக்கும் தெரிந்துவிடுமே! அதனால் அப்படிக் கேட்பதைவிட மரியாதைக்கேடு அங்கே வேறு கிடையாது.

அணை எழுந்தது. பெரியநாச்சி கன்றை நினைத்து அழுதுகொண்டே பாறைகளை உருட்டினாள். கயலி அணையின் அடியில் ஒரு மதகு வைத்து, அதற்குக் கீழே சக்கரத்தை நிறுத்தினாள். தன் குட்டிகளோடு அணைக்குக் கீழேயே குடியும் இருந்தாள். தான் கட்டியதன்மேல் அவ்வளவு நம்பிக்கை!

மழை வந்தது. பனிக்குள்ளே தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது. கனவில் பார்த்த ஏரி கண்ணெதிரே மிதந்தது. கயலி சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் இடது கரையின் அடியில் தண்ணீர் கசிந்தது. "தெளிஞ்ச தண்ணிதானே, வந்தா வந்துட்டுப் போகுது" என்று விட்டுவிட்டாள். மறுநாள் அதே தண்ணீர் சிவப்பாக வந்தது. கலங்கி வருகிறது என்றால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்!

"பெரியம்மா, மதகைத் திறங்க!" என்று கயலி அலறினாள்.

பெரியநாச்சி திறந்தாள். என்ன பிரயோஜனம்? போகிற தண்ணீரைவிட வருகிற தண்ணீர் அதிகம். அணைக்குக் கீழே பாதிக் காடு குடியிருந்தது. எங்கே ஓட்டை என்று தெரிந்தால்தான் அடைக்க முடியும். கயலி எல்லாரையும் கூப்பிட்டாள். சிறுத்தை புள்ளியானும் வந்து ஓரமாகப் படுத்துக்கொண்டான்.

"ஊசியன் அண்ணே, உங்க வளை எங்கெங்கே போகுது?"

"சீ! என்ன கேள்வி இது!" என்று குரங்குகள் கூச்சல் போட்டன.

ஊசியனின் முட்கள் சிலிர்த்தன. "வளையா? எனக்கு ஏது வளை?" என்றான். சொல்லும்போதே அவன் கண் புள்ளியான் பக்கம் ஓடியது.

கயலிக்கு வந்த கோபத்தில் அவனைக் கடித்திருப்பாள். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. அவனுக்கும் பிள்ளைகள் உண்டு. அவனும் பயப்படுகிறான். கயலி எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"என் வீடு அணைக்குக் கீழே, நாவல் மரத்து வேருக்கடியில. ஒரு வாசல் தண்ணிக்குள்ள. இன்னொரு வாசல் புதருக்குப் பின்னால. உள்ளே மூணு குட்டி. இன்னும் கண்ணு திறக்கலை."

புள்ளியானின் காது நிமிர்ந்தது. கயலி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க, அண்ணே."

ஊசியன் பொலபொலவென்று அழுதுவிட்டான். "என்னை மன்னிச்சிடு, தாயி! என் வளை கரையைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வரைக்கும் போகுது. ஒரு வாசல் இப்ப ஏரிக்குள்ள, அத்தி மரத்தடியில இருக்கு. வா, காட்டுறேன்!"

அத்தி மரத்தின் உச்சிக்கிளை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கயலி மூழ்கி வாசலைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தாள். பெரியநாச்சி பாறையை உருட்டி அதன் வாயை மூடினாள். குரங்குகள் கூச்சலை நிறுத்திவிட்டுக் களிமண் சுமந்தன. சிவப்பு வெளுத்தது. பிறகு கசிவே நின்றது.

புள்ளியான் சும்மா இருந்தானா? அன்று ராத்திரியே நாவல் மரத்தடிக்குப் போய் மோந்து பார்த்தான். கயலி என்ன அசடா? அதற்குள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு பெரியநாச்சியின் காலடிக்கே குடி போயிருந்தாள்! ஊசியனும் பிள்ளைகளோடு அங்கேதான் இருந்தான்.

சக்கரம் சுழன்றது; பாறை உச்சியில் விளக்கும் எரிந்தது. அன்று முதல் அந்தக் காட்டில் எதைக் கட்டினாலும், கேட்கிறவர் முதலில் தன் வளையைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவரைக் கேட்க வேண்டும் என்று ஆயிற்று.

அடுத்தவர் பயந்து மறைக்கும் உண்மை வெளியே வர வேண்டுமென்றால், நாம் பயந்து மறைப்பதை முதலில் நாம் சொல்ல வேண்டும்.