சாமந்தியை விட்டு ஓடிய நண்டு

மன்னார் கடலின் பவளப்பாறை ஓரத்தில் சிங்காரம் என்றொரு நண்டு இருந்தது. காலிச் சங்குகளுக்குள் குடியிருக்கும் சாதி அது. முன்னால் கொடுக்கு இருக்கும். பின்னால் வெறும் சதைதான். அதன் சங்கின் மேல் ஒரு கடல் சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் பூ. தொட்டால் நெருப்பாகச் சுடும். அந்தச் சூட்டுக்குப் பயந்துதான் எட்டுக் கைப் பேய்க்கணவாய் சிங்காரத்தை இதுவரை விட்டுவைத்திருந்தது.

சிங்காரம் வளர்ந்தது. பழைய சங்கு இறுக்கியது. பக்கத்தில் ஒரு பெரிய சங்கு கிடக்கவே, சட்டென்று நழுவி அதற்குள் புகுந்துகொண்டது.

"தம்பி, என்னையும் ஏத்திக்க!" என்றது பழைய சங்கின் மேலிருந்த சாமந்தி.

வீடு மாறும் நண்டு அதைச் செய்துதான் ஆக வேண்டும். கொடுக்கால் சாமந்தியின் அடியை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால், அது பிடியைத் தளர்த்தும். பிறகு தூக்கிப் புதுச் சங்கில் வைக்கலாம். அவசரப்பட்டால் காரியம் ஆகாது.

சிங்காரம் தட்டத் தொடங்கியது. அப்போது, இரைக்காக விரல் நீட்டியிருந்த பவளங்கள் ஒவ்வொன்றாக அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டன.

"ஏன் ஒளியிறீங்க?" என்று கேட்டது சிங்காரம்.

"பேய்க்கணவாய் வந்துட்டான்! பாறைக்கு அந்தப் பக்கம்!" என்றது ஒரு பவளம்.

சிங்காரம் படபடவென்று தட்டியது. "சீக்கிரம் விடுக்கா!"

"பாதி விட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் தட்டு!"

"என்னால முடியாது! இந்தச் சங்கு கெட்டியா இருக்கு, அது போதும்!"

"சங்கு அவனை நிறுத்தாது தம்பி! போகாதே!"

பயந்தவன் காதில் எது ஏறும்? சிங்காரம் ஓடிப்போய் ஒரு பாறை இடுக்கில் பதுங்கியது. சங்கின் வாயைக் கொடுக்கால் அடைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடந்தது.

தண்ணீர் அசைந்தது. வழுவழுப்பான ஒரு கை வந்து சங்கைத் தடவியது. மேலே தடவியது, பக்கத்தில் தடவியது. எங்கேயும் சுடவில்லை. கை மெதுவாகச் சங்கின் வாய்க்குள் நுழைந்தது.

"அக்கா! சாமந்தியக்கா! ஓடி வாக்கா!" என்று சிங்காரம் அலறியது.

சாமந்திக்குக் கேட்டது. பழைய சங்கில் பாதி ஒட்டியபடியே, தன் விரல்களையெல்லாம் அந்தத் திசையில் நீட்டி நீட்டித் துடித்தது.

"எப்படித் தம்பி வருவேன்? நீதானே எனக்குக் கால்!"

சிறிது நேரத்தில், பாறை இடுக்கிலிருந்து காலிச் சங்கு மட்டும் உருண்டு வந்தது.

பயந்து ஓடும் அவசரத்தில் தன்னைக் காப்பவரையே விட்டு ஓடுகிறவன், ஆபத்துக்குத் தானே கதவைத் திறந்துவிடுகிறான்.