குடத்தில் அடைத்த பூதம்

வெண்கோட்டை அரசுக் களஞ்சியத்தில் நெல் குறைந்தது. பூதம் தின்றுவிட்டது என்றார் அமைச்சர் அழும்பிலார். "காவல் காத்தவன் சடையன். நாளைக்குள் அவன் பூதத்தைப் பிடிக்கட்டும், இல்லையேல் தலையை எடுங்கள்" என்று அரசரிடம் சொன்னார்.

மறுநாள் ஊர்க்காவலன் சடையன் வாய் கட்டிய குடத்தோடு சபைக்கு வந்தான்.

"பிடித்துவிட்டேன் மகாராஜா. திருடன் அகப்பட்டால் கூட்டாளி யாரென்று முதலில் கேட்பது நம் ஊர் வழக்கம். கேட்டேன். இந்தச் சபையிலேயே ஒரு பெரிய மனிதரின் பெயரைச் சொல்கிறது. துணியை அவிழ்க்கிறேன், நீங்களே கேளுங்கள்."

அமைச்சர் துள்ளி எழுந்தார். "புளுகாதேடா! இல்லாத பூதம் எப்படியடா குடத்துக்குள் வரும்?"

"அதைத்தான் நானும் நேற்றே கேட்க நினைத்தேன் ஐயா" என்றான் சடையன்.

அரசர் திரும்பினார். "பூதமே இல்லையென்றால் நெல் எங்கே, அமைச்சரே?"

அவர் பதில் யோசித்து முடிப்பதற்குள், அவருடைய வீட்டைச் சோதிக்க ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.