எட்டு மாதம் வீணான ஆய்வகம்

கணக்கில் புலி என்று பெயரெடுத்தவர்களும் இந்தப் புதிருக்கு முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அவசரப்படாமல் கேளுங்கள்.

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்றொரு பெண். எம்.எஸ்ஸி. இயற்பியலில் முதலிடம். பிஎச்.டி. படிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. தெருவே வாழ்த்தியது, அவளுக்கோ சோறு இறங்கவில்லை. காரணம், எதிர்வீட்டுச் சகாயம். ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தும் பட்டம் வாங்காமல் திரும்பி வந்து, இப்போது டியூஷன் எடுக்கிறான். என்ன நடந்தது என்று பாவம் பார்த்து யாரும் கேட்டதில்லை. தன் வயதும் அப்படிக் கரைந்துபோய்விடுமோ என்று அவளுக்கு ஒரே நடுக்கம்.

இரண்டு இடங்களையும் நேரில் போய்ப் பார்த்தாள்.

முதல் இடத்துப் பேராசிரியர் பெரும் புகழ் பெற்றவர். பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறார். கருவிகள் எல்லாம் புத்தம் புதியவை, தூசி என்ற பேச்சே கிடையாது. மாணவர்கள் ஐந்து பேர். மூத்தவன் மூன்றாம் வருடம். இங்கே எப்படி இருக்கிறது என்று ஜெசிந்தா விசாரித்தாள். ஐந்து பேரும் முதலில் பேராசிரியர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இரண்டாவது இடத்தில் லேசர் பழசு. பேராசிரியையின் பெயர் வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அவர் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டும்போது ஐந்தாம் வருட மாணவன் ஒருவன் குறுக்கிட்டான்.

"மேடம், நீங்க போட்ட கணக்கு தப்பாப் போனதால என் வேலை எட்டு மாசம் வீணாச்சு. அதையும் இவங்ககிட்ட சொல்லிருங்க."

"ஆமாம்மா, தப்பு என்னோடதுதான்" என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த டீயைக் குடித்தார்.

எட்டு மாதமா என்று பதறியபடியே ஜெசிந்தா ஊர் திரும்பினாள். வீட்டில் சொன்னதும் அப்பாவும் பதறிப்போனார். பழைய மெஷினை வைத்துக்கொண்டு கணக்கையும் தப்பாகப் போடுகிறவரிடம் போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய், கண்ணை மூடிக்கொண்டு முதல் இடத்துக்குச் சம்மதம் அனுப்பு என்றார். உப்பளத்து லாரி ஓட்டுபவர்; பழைய வண்டி படுத்தும் பாடு அவருக்குத் தெரியாதா?

கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். நாலு மணிக்கு எதிர்வீட்டுக்கு ஓடினாள். யாரும் கேட்காததைச் சகாயத்திடம் கேட்டாள். அவன் கரும்பலகையைத் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னான்.

"மெஷின் தப்பாக் காட்டுதுன்னு ரெண்டாம் வருசமே தெரியும் பிள்ள. சார்ட்ட சொல்லப் பயந்து நாலு வருசம் அதே நம்பரை எழுதிட்டு இருந்தேன்."

எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. மணி நாலரை ஆகிவிட்டது.

நீங்கள் சொல்லுங்கள்: ஜெசிந்தா எந்த இடத்துக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும்?

விடை: இரண்டாவது இடத்துக்கு. தப்பு எந்த ஆய்வகத்திலும் நடக்கும். அங்கே அது எட்டு மாதத்தோடு நின்றது, ஏனென்றால் அதை நேருக்கு நேர் சொல்ல ஒரு மாணவனால் முடிந்தது. முதல் இடத்திலோ வாயைத் திறக்கவே முகம் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் வருடத்தைத் தாண்டிய ஆள் ஒருவன்கூடக் கண்ணில் படவில்லை. பழையவர்கள் பட்டம் வாங்கிப் போனார்களா, ஓடிப்போனார்களா என்று யாரிடம் கேட்பது? ஜெசிந்தா பயந்துகொண்டேதான் பதில் அனுப்பினாள், பயந்துகொண்டேதான் ரயிலேறினாள். சேர்ந்த மூன்றாம் வாரம் பேராசிரியையின் அளவீட்டில் ஒரு பிழை அவள் கண்ணில் பட்டது. அதையும் பயந்துகொண்டேதான், அவரிடமே சொல்லிவிட்டாள்.