ஒற்றைக் கையில் ஒன்பது மாடி

மதுரையில் அன்றைக்குக் காமிக்ஸ் ரசிகர்கள் கூட்டம். காமிக்ஸ் நாயகன் வஜ்ரவேங்கையின் பலத்துக்கு எல்லை உண்டா இல்லையா என்று மண்டபமே ரெண்டுபட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"எல்லையே கிடையாது!" என்று அட்டைப்படத்தை உயர்த்திக் காட்டினார் மன்றத் தலைவர் தனுஷ்கோடி. அதில் வேங்கை ஒன்பது மாடிக் கட்டடத்தை ஒரு மூலையில் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டிருந்தான்.

புத்தகக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த சுமைதூக்கி சவரிமுத்து சிரித்துவிட்டார். "அப்படித் தூக்க முடியாதுங்க."

"வேங்கையோட பலத்தைப் பத்தி நீ பேசுறியா? நிரூபி! நிரூபிச்சா என் நாற்காலி உனக்கு. இல்லேன்னா இத்தனை கட்டுகளையும் நீ ஒத்தை ஆளா மூணாவது மாடிக்கு ஏத்தணும்."

சவரிமுத்து ஒரு கட்டின் கயிற்றை அவிழ்த்தார். "இந்த அம்பது புத்தகம் உங்களுக்குக் கனமா?"

"தூசு!"

"அப்ப அடிப் புத்தகத்தோட மூலையை மட்டும் பிடிச்சுத் தூக்குங்க."

தலைவர் வெடுக்கென்று தூக்கினார். மேலே இருந்த அத்தனையும் சரிந்து அவர் காலிலேயே விழுந்தன. கையில் மிஞ்சியது ஒரே புத்தகம். மண்டபம் விசிலடித்தது.

சவரிமுத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "வேங்கைக்குப் பலம் இருக்குங்க. அந்தக் கட்டடத்துக்கும் இருக்கணுமே!"