தொட்டில் ஏறிய கட்டியத் தலைவர்

முன்னொரு காலத்தில் செங்குவளை நாட்டை மகுடசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். நிஜத்தில் அந்த நாட்டை ஆண்டது கட்டியம்! ராஜா நடந்தால் "பராக்! பராக்!" உட்கார்ந்தால் "பராக்!" மோர் குடித்து ஏப்பம் விட்டால் அதற்கும் ஒரு "பராக்!" இந்தக் கூச்சலுக்கெல்லாம் தலைவர் வீரகண்டர். தொண்டை பெரிது அவருக்கு. மற்றதெல்லாம் கொஞ்சம் கம்மிதான்.

அந்த அரண்மனையில் தவமாய்த் தவமிருந்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்து மாதங்கள் ஆகியும் ராத்திரியானால் தூங்குவேனா என்றது. வீல் வீலென்று அலறல். ராணி கண்ணைச் சுற்றிக் கருவளையம். செவிலி மருதாயி நின்றபடியே தூங்கிவிழுந்தாள். ராஜா சபையில் கொட்டாவி விட்டான். விடுவார்களா? கொட்டாவிக்கும் கட்டியம் கூறினார்கள்.

"என் பிள்ளை ஏன் தூங்க மாட்டேன் என்கிறான்?" என்று ஒருநாள் ராஜா சபையில் சீறினான்.

வீரகண்டர் முன்னால் வந்தார். "அரசே, ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் அடியேன் செய்தது. பகலில் இளவரசர் கண்ணசந்தால் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. ஊரில் செக்குகூட ஓடாது. இரவில் தொட்டிலைச் சுற்றித் தீவட்டி. ஜாமத்துக்கு ஜாமம் 'இளவரசர் துயில்கிறார், பராக்!' என்று கட்டியம். இதில் தூங்காத பிள்ளையும் உண்டா? குற்றமெல்லாம் இந்த மருதாயி மேல். தாலாட்டில் சுருதியே சேரவில்லை. இவளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தவர் நம் அமைச்சர்தான்."

அமைச்சர் இளநாகரின் நாற்காலி மேல் வீரகண்டருக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

மருதாயி ஓவென்று அழுதாள். "மகாராசா, நான் பெத்ததை என் மாமியார்கிட்ட விட்டுட்டு வந்து உங்க பிள்ளைக்குப் பால் குடுக்கறேன். எனக்கா பழி?"

ராஜா யார் பேச்சைக் கேட்டான்? "அமைச்சரே! நாளைக்குச் சபை கூடும்போது காரணம் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் இவளுக்கு மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி நாட்டை விட்டே துரத்துவேன். அதே கழுதையில் உமக்கும் இடமுண்டு."

"ஆகட்டும் அரசே, கழுதை தயாராகவே இருக்கட்டும்" என்றார் இளநாகர். "ஆனால் ஒன்று. ஏற்பாட்டில் குறையில்லை என்கிறார் வீரகண்டர். அவரே ஒருநாள் இளவரசராக இருந்து தூங்கிக் காட்டட்டுமே. வழக்கத்தில் எள்ளளவும் மாறக் கூடாது. தாங்களும் தினம்போல வந்து பார்க்க வேண்டும்."

வீரகண்டருக்கு வாயெல்லாம் பல். ராஜ மரியாதை என்றால் கசக்குமா? யானை கட்டும் சங்கிலியில் ஒரு பெரிய தொட்டில் தொங்கவிட்டார்கள். மனிதர் மீசையை நீவிக்கொண்டே ஏறிப் படுத்தார்.

மறுநாள் சபைக்கு அவரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். கண் ரெண்டும் கோவைப்பழம், மூக்கெல்லாம் தீவட்டிக் கரி.

"தூங்கினீரா?" என்றான் ராஜா.

"பகலெல்லாம் கும்மிருட்டு அரசே, குறட்டை விட்டுத் தூங்கினேன். அப்புறம் ராத்திரித் தூக்கம் எங்கிருந்து வரும்? கொஞ்சம் கண் சொருகினால், நான் துயில்கிறேன் என்று என் காதிலேயே கத்துகிறான் ஒரு பாவி!"

"அவன் உம்முடைய ஆள்தான்" என்றார் இளநாகர்.

"புரண்டு படுத்து லேசாக முனகினேன். உடனே நாலு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தி, சங்கு சங்காகப் பாலைப் புகட்டிவிட்டார்கள். பசி என்று நான் சொன்னேனா?"

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "சரி, அதற்குப் பிறகாவது தூங்கினீரா?"

தூக்கம் கெட்டவனுக்குப் பயமும் போய்விடும் போலிருக்கிறது. வீரகண்டர் வெடித்தார். "எங்கே தூங்க விட்டீர்கள்? அப்பாடா என்று அப்போதுதான் கண்ணயர்ந்தேன். நாட்டியம் பார்த்து முடித்துப் பரிவாரத்தோடு வந்தீர்கள். கன்னத்தைக் கிள்ளி, கிலுகிலுப்பையை மூக்குக்கு நேரே ஆட்டி, 'என் செல்லம் தூங்குதா?' என்று கேட்டீர்கள். நானே அழுதுவிட்டேன் மகாராஜா!"

சிரிப்பு நின்றது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"கழுதை வாசலில் நிற்கிறது அரசே" என்றார் இளநாகர் பணிவாக. "யாரை ஏற்றுவது?"

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் கேட்டது. "இனிமேலாவது நான் சொல்வதைக் கேட்பீர்களா? எத்தனை நாளாகச் சொல்கிறேன், இந்தக் கட்டியச் சத்தத்தில் உங்கள் காதில் விழுந்தால்தானே! பகலில் திரையை விலக்குங்கள், வெளிச்சமும் சத்தமும் வரட்டும். இருட்டினால் குளிப்பாட்டி, பால் கொடுத்து, ஒரே ஓர் அகல், தினமும் அதே தாலாட்டு. கண் சொக்கும்போதே தொட்டிலில் விடவேண்டும். சிணுங்கினால் பாய்ந்து தூக்காமல் கொஞ்சம் பொறுக்கவேண்டும். நிஜமாக அழுதால் நானும் மருதாயியும் பார்த்துக்கொள்கிறோம்."

"நான்?" என்றான் ராஜா.

"நீங்கள் வாசலோடு சரி."

ஒரே ராத்திரியில் நடந்துவிடவில்லை. பிள்ளை இன்னும் சில நாள் அழுதது. ராஜா கிலுகிலுப்பையோடு வருவதும், மருதாயி இரண்டு கையையும் விரித்து வாசலை மறிப்பதும், நாடாளும் ராஜா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரித் திரும்பிப்போவதும் நடந்தது. அப்புறம் ஒருநாள் பிள்ளை விடிய விடியத் தூங்கியது. மருதாயிக்குப் பட்டுப்புடவை வந்தது. அவள் பெற்ற பிள்ளைக்கும் அரண்மனையிலேயே இன்னொரு தொட்டில் கட்டினார்கள்.

கழுதையும் வீண்போகவில்லை. தினமும் உச்சி வெயிலில் வீரகண்டர் அதன்மேல் ஏறி, "இளவரசர் விழித்திருக்கிறார், பராக்!" என்று கடைத்தெருவெல்லாம் கூவிவர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

நன்றாகத் தூங்கியெழுந்த ராஜா சபைக்குக் கிளம்பினான். கட்டியக்காரன் வாயைத் திறந்தான். "உஷ்!" என்றான் ராஜா. அன்று ராஜா சபைக்கு வந்ததே யாருக்கும் தெரியவில்லை. ராஜ்ய காரியமெல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.